ஒரு பாட்டில் ஆறு

டியூப் லைட்டுல ஒண்ணு வந்து உக்காந்திருக்கு. ஒண்ணுதானே. புரட்டாசி மாசம், ஆத்தங்கரை வீடு, ஜன்னலைத் தொறந்து வச்சு லைட்டைப் போட்டா ஏதாவது ஒரு பூச்சி வரத்தான் செய்யும், அதுக்குப் போயி இப்படிப் பதறணுமா கமலவேணி, பாரு, கஞ்சி சிந்துது. மூக்கு வழியா போற டியூபுல கஞ்சி ஊத்தும்போது கை ஆடக்கூடாதுன்னு அந்த நர்ஸம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா. சிரிஞ்சை உசரத்துல பிடிக்கணும், கஞ்சி தானா இறங்கணும், அவசரப்பட்டு அமுக்கினா நெஞ்சுக்குப் போயிரும். காலம் பூரா பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தினவ நான், உணவுக்குழாய் எது மூச்சுக்குழாய் எதுன்னு போர்டுல கலர் சாக்பீஸால வரைஞ்சு காட்டினவ, கடைசியில கட்டின புருஷன் உடம்புல எனக்குச் செய்முறைத் தேர்வு நடக்குது. இவர் என்னைத்தான் பாக்கறார். பாக்கறாரா, இல்லை கண்ணு சும்மா தொறந்திருக்கா, அது எனக்கும் தெரியாது, பாத்த டாக்டருங்களுக்கும் தெரியாது. லைன்மேன் சந்தானம்னா இந்த ஊருல தெரியாத ஆள் கிடையாது, எந்தக் கம்பத்துலயும் அணில் மாதிரி ஏறுற மனுஷன், ரெண்டு வருஷமா இந்தக் கட்டில்ல திருப்பிப் போட்ட பக்கம் கிடக்கார். ஏங்க, அது அதுதானான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். எனக்குப் பாக்கவே பயமா இருக்கு. இறக்கையை முதுகுக்கு மேல சேத்து, கும்பிடுற கை மாதிரி நிமித்தி வச்சிருக்கு. பின்னாடி நூல் நூலா வால். கொசு இப்படி உக்காராது. ஈசலும் இப்படி உக்காராது. ஊருல இதையும் ஈசல்னுதான் சொல்றாங்க, எத்தனை தடவை சொன்னாலும் புரியறதில்லை, ஈசல் மண்ணுல இருந்து வரும், இது தண்ணியில இருந்து வரும், ரெண்டும் ஒண்ணாய்யா. ரெண்டாவது ஒண்ணு வந்திருச்சு. சுவத்துல உக்காந்திருக்கு.

இருக்கவே முடியாது. பாட்டிலைப் பாத்துத்தானே சொன்னேன். காலையில கண் முழிச்சதும் மொத வேலை பாட்டிலைப் பாக்கறது, அப்புறம்தான் இவருக்கு டயப்பர். கடையில முறுக்குப் போட்டு வைப்பாங்களே, அந்தப் பெரிய கண்ணாடி பாட்டில், அடியில ஆத்துச் சேறு, மேல ஆத்துத் தண்ணி, ரெண்டு மூணு அழுகின ஆலிலை, மீன் தொட்டிக்குப் போடுற சின்ன மோட்டாரு குமிழி விட்டுக்கிட்டே இருக்கும். அதுக்குள்ள இதோட குஞ்சுங்க. குஞ்சுன்னு சொல்லக்கூடாது, இளவுயிரின்னு பிள்ளைகளுக்கு நான்தான் திருத்துவேன், போகட்டும், குஞ்சுங்கதான். வயித்துப் பக்கவாட்டுல செவுள் இருக்கும், மயிலிறகு மாதிரி, ஆடிக்கிட்டே இருக்கும். இவர் கட்டிலுக்குப் பக்கத்துலயே ஜன்னல் ஓரமா வச்சிருக்கேன், இவரைத் திருப்பிப் போடும்போதெல்லாம் அதையும் ஒரு பார்வை பாத்துக்கலாம்னு. முதுகுல இறக்கை மடங்கியிருக்கற உறை இருக்கு பாருங்க, அது பழுப்பா இருக்கற வரைக்கும் ஒண்ணுமில்லை. கறுத்துப் போச்சுன்னா அன்னிக்குப் பொழுது சாயறப்போ மேல வந்துரும். காலையில பாத்தேன், பழுப்பு. இப்பவும் இதோ சிரிஞ்சைப் பிடிச்சுக்கிட்டே பாக்கறேன், பழுப்பு, அத்தனையும் சேத்துக்குள்ள சமத்தாப் படுத்துக் கிடக்கு. நகராட்சி எலெக்ட்ரிக் பிரிவு சுகுமார் தம்பி காலையில போன் பண்ணிச்சு, சீசன்ல தினமும் பண்ணும், "டீச்சர், இன்னிக்குப் பாலத்து லைட்டை அணைக்கணுமா?" "வேண்டாம் தம்பி, இன்னும் நாலஞ்சு நாள் ஆகும்." குழலி வாசல்ல ஸ்கூட்டியைத் தள்ளிக்கிட்டே கேட்டா, "அம்மா, இன்னிக்கு வண்டியில போலாமா, பஸ்ஸுக்கு நிக்கட்டுமா?" "போடி, வண்டியிலயே போ, இன்னிக்கு வராது." அவ அப்படியே நம்பிப் போனா. அக்கரையில ஸ்கேன் சென்டர்ல வேலை, இந்நேரம் கிளம்பியிருப்பா. சுவத்துல ஏழெட்டு ஆயிருச்சு.

பாலத்துக்கு லைட் வாங்கிக்கொடுத்தது இவர்தான். மில்லுல ஷிப்ட் முடிச்சு வர்ற பொம்பளைப் பிள்ளைங்க அவ்வளவு நீளப் பாலத்தை இருட்டுல கடக்குதுங்கன்னு மனு மேல மனு, கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்து, ரிட்டையர் ஆன மனுஷனுக்கு வேற வேலை என்ன. லைட் போட்ட அன்னிக்கு என்னைக் கூட்டிட்டுப் போயி நடுப்பாலத்துல நிறுத்தி, "பாத்தியா கமலா, பட்டப்பகலு!" அப்படி ஒரு சிரிப்பு. வெள்ளை வெளேர்னு லைட்டு, கீழ தண்ணி, கிணத்துத் தவளை மாதிரி இருந்த ஊரு ஏதோ சிங்கப்பூர் ஆயிட்ட மாதிரி. அந்தப் புரட்டாசியிலதான் பூச்சி வந்துச்சு. அதுவரைக்கும் ஆத்துக்குள்ளேயே வந்து ஆத்துக்குள்ளேயே செத்துக்கிட்டிருந்தது, லைட்டைப் பாத்ததும் பாலத்து மேல ஏறிருச்சு. உமியைக் கொட்டின மாதிரி ரோடு பூரா, கணுக்கால் புதையற அளவுக்கு. மிதிச்சா வழவழன்னு, விளக்கெண்ணெயை ஊத்தி விட்ட மாதிரி. இவர் வண்டியில வந்தார். ஹெல்மெட் ஹேண்டில்ல தொங்குச்சு. அவ்வளவுதான் கதை. இதுக்கு மேல நினைக்கக்கூடாது, கஞ்சி பாதி இருக்கு, நினைக்காத கமலவேணி.

முட்டை தண்ணிக்கு அடியில போயி ஒட்டிக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ற மாதிரி எனக்கு நானே சொல்லிக்கிறேன், சொன்னா கஞ்சி சிந்தாம இறங்குது. முட்டையில இருந்து வந்தது சேத்துல வளை தோண்டும், அழுகின இலையைத் திங்கும், வளரும், தோலை உரிக்கும், திரும்ப வளரும், திரும்ப உரிக்கும், வருஷம் பூரா இதே பொழப்பு. வெயில் காலத்துல ஆறு வத்தி மணலா கிடக்கும், எங்கேயோ ஒரு மடுவுல சேத்தைப் பிடிச்சுக்கிட்டு உசுரை வச்சிருக்கும். மேட்டூரு தொறந்து புதுத்தண்ணி வந்ததும் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, மளமளன்னு வளரும். புரட்டாசியில ரெண்டு மழை பேஞ்சு, அப்புறம் ஒரு புழுக்கம் வரும் பாருங்க, அன்னிக்குச் சாயங்காலம் எல்லாம் ஒண்ணா மேல வந்து, தண்ணி மேலயே தோலைக் கிழிச்சுக்கிட்டு பறக்கும். பறந்தப்புறமும் இன்னொரு தடவை தோலை உரிக்கும், இறக்கை முளைச்ச பெறகு தோல் உரிக்கற பூச்சி உலகத்துலயே இது ஒண்ணுதான்னு சொல்லும்போது கடைசி பெஞ்சு கூட நிமிந்து பாக்கும். அப்புறம் ஒரே ஒரு ராத்திரி. ஜோடி சேரும், முட்டை போடும், விடியறப்போ செத்துரும். "டீச்சர், அதுவரைக்கும் என்ன சாப்பிடும்?" ஒண்ணும் சாப்பிடாதுடா. வாய் கிடையாது. இருக்கற இடத்துல ஒரு தடம் இருக்கும், தொறக்காது. வயித்துக்குள்ள வெறும் காத்துதான். பிள்ளைங்க பாவம்னு சொல்லும்ங்க. நானும் பாவம்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருவேன். இவருக்கு வாய் இருக்கு. பல்லு கூட ஒண்ணும் விழலை, காலையிலயும் சாயங்காலமும் துணியைச் சுத்தித் தேச்சு விடறேன். ஒரு வார்த்தை வரலை, ஒரு சொட்டுக் கஞ்சி அந்த வழியா போகலை. ஒரே ஒரு தடவை கமலான்னு கூப்பிட்டுட்டு நீங்க போயிட்டாலும் பரவாயில்லைங்கன்னு எத்தனை நாள் இவர் காதுல சொல்லியிருக்கேன். பாவிதான் நான், ஆனா மனசுல இருக்கறதைத்தானே சொல்ல முடியும்.

குழலிக்குப் போன் போட்டேன், அடிக்குது, எடுக்க மாட்டேங்கறா. வண்டியில இருப்பா. வண்டி ஓட்டும்போது போனை எடுத்தா கையை ஒடிப்பேன்னு நான்தான் சொல்லியிருக்கேன். எடுடி. ஒரே ஒரு தடவை என் பேச்சை மீறுடி. போன வருஷம் பாட்டில் பொய் சொல்லலை. நானும் குழலியும்தான் சேத்தை அள்ளினோம், முட்டி வரைக்கும் இறங்கி, "ஒனக்குப் பைத்தியம் முத்திருச்சும்மா"ன்னு திட்டிக்கிட்டே அள்ளினா. பாட்டில்ல கறுத்த அன்னிக்கு மத்தியானமே நகராட்சிக்குச் சொன்னேன், ஆட்டோவுல மைக் கட்டிச் சொன்னாங்க, பொழுது சாயறப்போ பாலத்துக்கு ரெண்டு பக்கமும் தடுப்பைப் போட்டு வண்டியை நிறுத்தி, போலீஸ் நின்னு, அப்புறம்தான் லைட்டை அணைச்சாங்க. பூச்சி ஆத்தோட போச்சு. ஒரு ஆளு விழலை. பூச்சி டீச்சர்னு பேரு வச்சுட்டானுங்க, மளிகைக் கடையில கூட "இன்னும் எத்தனை நாளு டீச்சர்?"னு கேட்டுட்டுத்தான் சாமான் கட்டுவான். பெருமையாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. அதே பாட்டில், அதே சேறு, அதே மோட்டாரு, அதே ஜன்னல். இந்த வருஷம் மட்டும் ஏன் ஏமாத்துது. எட்டிப் பாட்டிலைத் தொட்டேன். சில்லுனு இருக்கு. மோர்ப்பானை மாதிரி. ஜன்னல்ல வர்ற காத்து முகத்துல அடிக்குது, அடுப்படி அனல் மாதிரி புழுங்குது, பாட்டில் சில்லுனு இருக்கு. அட கடவுளே. ஏசி. சித்திரையில இவருக்கு முதுகுப் புண்ணு வந்துச்சு, வேர்வை படக்கூடாதுன்னு குழலி ஏசி வாங்கிப் போட்டா, ராத்திரி பகலா ஓடுது, கஞ்சி குடுக்கற நேரம் மட்டும்தான் நிறுத்திட்டு ஜன்னலைத் தொறக்கறேன். குளிர்ந்த தண்ணியில வளர்ச்சி மெதுவாத்தான் போகும். போர்டுல எழுதிப் போட்டிருக்கேன். வெப்பம் கூடினா சீக்கிரம், குறைஞ்சா தாமதம், ரெண்டு மார்க் கேள்வி. தடி மாடு, ஒனக்கு யாரு டீச்சர் வேலை குடுத்தது. ஆத்துத் தண்ணி வெயில்ல காஞ்சுக்கிட்டு கிடக்கு, இதுங்க மட்டும் இவர் பக்கத்துல ஏசியில தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. நான் பாட்டில் பழுப்பா இருக்குன்னு ஊரையே பாலத்துல அனுப்பி வச்சிருக்கேன். பெத்த பிள்ளையையும் அனுப்பி வச்சிருக்கேன்.

சிரிஞ்சைக் கழட்டி, டியூபை மூடி வச்சுட்டு காதர் பாய்க்குப் போன் போட்டேன். எதுத்த வீடு, ஆட்டோ ஓட்டறவர், இவர் விழுந்த அன்னிக்குத் தூக்கிட்டுப் போனதும் அவர்தான். "பாய், எங்க இருக்கீங்க? குழலி பாலத்துல வருவா, பூச்சி வந்திருச்சு பாய்." "பாத்துட்டுத்தான் இருக்கேன் டீச்சர், இக்கரை முனையிலதான் நிக்கறேன், நடுவுல ஒண்ணும் தெரியலை, புகை மாதிரி மூடிருச்சு. நீங்க பதறாதீங்க, நான் உள்ள போயிப் பாக்கறேன்." அடுத்து சுகுமாருக்கு. எடுத்ததும் கத்தினேன், வணக்கம் கூடச் சொல்ல விடலை. "தம்பி லைட்டை அணை, இப்பவே அணை." "டீச்சர், காலையில இல்லைன்னு சொன்னீங்களே?" "தப்பாச் சொல்லிட்டேன்ப்பா, அணை." "இப்ப எப்படி டீச்சர், பாலம் பூரா வண்டி, ரெண்டு பக்கமும் தடுப்புப் போட்டு நிறுத்தாம அணைச்சா கும்மிருட்டு ஆயிருமே, போலீசுக்குச் சொல்லி..." "லைட்டு எரிய எரிய இன்னும் வந்து கொட்டும்டா, என் பொண்ணு அங்க இருக்கா, அணைடா!" பிள்ளைகளை அதட்டற குரலு. அந்தக் குரலுக்கு இந்த ஊருல யாரும் எதுத்துப் பேசினது கிடையாது, சுகுமாரும் என்கிட்ட படிச்சவன்தான். "சரிங்க டீச்சர்"னு சொல்லிட்டான். ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தூரத்துல வெள்ளை வெளேர்னு வரிசையா நின்னது ஒரே அடியில போச்சு. பாலமே இல்லாத மாதிரி ஆயிருச்சு. அப்பாடான்னு ஒரு மூச்சு வந்துச்சு எனக்கு.

அங்க வெளிச்சம் போனா அதுக இங்கதானே வரும், அது தோணலை பாரு. ஆத்தங்கரையில எரியறது எங்க வீட்டு லைட்டுதான். மழை மாதிரி உள்ள வந்துச்சு. சத்தமே இல்லை, இறக்கை உரசற ஒரு சரசரப்பு மட்டும், புதுச்சேலையைப் பிரிக்கற மாதிரி. சுவரு, கொசுவலை, கஞ்சிக் கிண்ணம், என் தலைமுடி, இவர் போர்வை. இவர் முகத்துல உக்காருது, நெத்தியில, கன்னத்துல, தொறந்த கண்ணுக்குப் பக்கத்துல. இவரைத் தட்டிவிடத் தெரியாத ஆளாக்கினதும் இதுதான், இப்ப வந்து இவர் மேலயே உக்காருது. ஓடிப்போயி சுவிட்சை அணைச்சேன். அணைச்சுட்டு இருட்டுல துண்டால இவர் முகத்தைத் துடைச்சுக்கிட்டே இருந்தேன், தொடைக்கத் தொடைக்க ஈரம் பட்டுச்சு, என் கண்ணீரா பூச்சியான்னு தெரியலை. உங்க மேல கோவம் கோவமா வருதுங்க. லைட்டு கேட்டீங்களே, யாரு கேட்டா உங்களை. ஊரு நல்லது, ஊரு நல்லதுன்னு. மோட்டாரு மட்டும் குமிழி விட்டுக்கிட்டே இருக்கு. ஒரு விஷயம் பிள்ளைகளுக்கு நான் சொன்னதே இல்லை, இவர் விழுந்த பெறகுதான் தேடிப் படிச்சேன். அதுக சாகறதுக்காக ரோட்டுக்கு வர்றதில்லை. தார் ரோடு லைட்டுல மினுங்கறப்போ அதுகளுக்குத் தண்ணி மாதிரியே தெரியுமாம். ஆறுன்னு நம்பித்தான் இறங்குதாம். நம்பி முட்டையைப் போடுதாம், தார் மேல, டயருக்குக் கீழ. ஒரு வருஷம் சேத்துக்குள்ள கிடந்து சேத்து வச்சது அத்தனையும் அங்க போகும். முட்டாப் பூச்சிங்கன்னு அன்னிக்குத் திட்டினேன். நான் மட்டும் என்ன செஞ்சேன், முறுக்கு பாட்டிலை ஆறுன்னு நம்பினேன். குழலி, வந்துருடி. திட்ட மாட்டேன்டி. அந்தப் பையனைப் பத்தி நீ சொல்ல வந்தியே, அன்னிக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேனே, யாரா இருந்தாலும் சரி, எந்தச் சாதியா இருந்தாலும் சரி, நானே முன்ன நின்னு செஞ்சு வைக்கிறேன், இன்னொரு கட்டில் மட்டும் இந்த வீட்டுல போட வச்சுராத. இன்னொரு ஆளைத் திருப்பிப் போட எனக்குத் தெம்பில்லை. காதர் பாய்க்குப் போட்டேன், அடிச்சு அடிச்சு நின்னுச்சு. குழலிக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப்.

ஆட்டோ சத்தம் வரும் வரும்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன், ஆட்டோ வரலை. எவ்வளவு நேரம்னு தெரியலை. வாசல்ல சக்கரம் உருள்ற சத்தம். இஞ்சின் சத்தம் இல்லை, தள்ளிக்கிட்டு வர்ற சத்தம். செருப்பு ஒண்ணு பிஞ்சு தேயற சத்தம். ஸ்டாண்டு போடற சத்தம். "அம்மா." வந்துட்டா. வந்துட்டா என் ராசாத்தி. இருட்டுலயே பிடிச்சு இழுத்து தலை, தோளு, கை, முட்டின்னு தடவிப் பாத்தேன், மாட்டைப் பிடிச்சுப் பாக்கற மாதிரி. முழுசா இருக்கா. தலை பூரா பூச்சி, கழுத்துக்குள்ள பூச்சி, துப்பட்டா மட்டும் இல்லை. "எனக்கு ஒண்ணுமில்லைம்மா, விடு." குரல் அவ குரல் மாதிரி இல்லை. "ஒண்ணுமில்லைல்ல, போதும்டி, போதும் சாமி"ன்னு அழுதேன், சிரிச்சேன்னு கூடச் சொல்லலாம், அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு, ரெண்டு வருஷத்துல இப்படி ஒண்ணு வந்ததில்லை.

"வாழைத்தார் ஏத்திக்கிட்டு ஒரு அண்ணன் வந்தாரும்மா, டிவிஎஸ்ல," அவ சொல்றா. "நான் வழுக்கி வழுக்கி வர்றதைப் பாத்துட்டு வண்டியை நிறுத்தினாரு. இறங்கித் தள்ளிட்டுப் போ பாப்பா, ஓரமாப் போ, எங்க வீட்டுலயும் ஒரு பொண்ணு ஒன் வயசுலன்னு சொன்னாரு. நான் தள்ளிட்டுப் பத்தடி வந்திருப்பேன். அவரு நடு ரோட்டுல நின்னு தாரைச் சரிபண்ணிக் கட்டிக்கிட்டு இருந்தாரு. அதுவரைக்கும் எல்லாரும் பாத்துப் பாத்து மெதுவாத்தாம்மா போயிட்டு இருந்தாங்க, ஒருத்தரும் விழலை. திடீர்னு லைட்டு போச்சு. ஒண்ணுமே தெரியலை. பின்னாடி மணல் லாரி வந்துச்சு." கழுத்துல ஒட்டின பூச்சியைத் தட்டிவிட்டா. "காதர் மாமா ஆட்டோவுலதான் ஏத்தினோம். துப்பட்டாவைத் தலையில கட்டி விட்டேன். மூச்சு இருக்கு. கண்ணு தொறந்தே இருக்கும்மா, கூப்பிட்டா பாக்க மாட்டேங்கறாரு. அப்பா மாதிரியே." இருட்டுல இவர் மூச்சு கேக்குது, பாட்டில் குமிழி கேக்குது. அந்த வீட்டுல இந்நேரம் ஒருத்தி உலை வச்சிருப்பா, தாரை இறக்கிட்டு வர்றதுக்கு இவ்வளவு நேரமான்னு திட்டிக்கிட்டு இருப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, சிரிஞ்சை எவ்வளவு உசரத்துல பிடிக்கணும்னு கூடத் தெரியாது. அப்பவும் என் கை குழலி மணிக்கட்டை விடலை, இவ இல்லை, இவ இல்லைன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு துள்ளிக்கிட்டே இருக்கு, அதை எங்க கொண்டு போயி வைக்கிறதுன்னு எனக்குத் தெரியலை.

"தடுப்பே போடாம எந்தக் கட்டையில போறவன்மா லைட்டை அணைச்சான்?"னு குழலி கேட்டா.

"அப்பாவுக்குக் கஞ்சி பாதியில நிக்குது, கையைக் கழுவிட்டு வந்து சிரிஞ்சைப் பிடி"ன்னு சொன்னேன்.